பாதையை மூடிவிட்டார்கள், சைக்கிளை எங்கே ஓட்டுவது?

கேள்வி: பதினொரு வருடமாக வேலைக்கு சைக்கிளில்தான் போய்வருகிறேன். ஒரு நடைக்கு 8 கி.மீ. அதில் பாதி, சைக்கிளுக்கென்றே போட்ட தனிப்பாதை. வாரத்தில் மூன்று நாள் 12 வயது மகளும் பள்ளிவரை தன் சைக்கிளில் கூட வருவாள். குழாய் பதிக்கிறோம் என்று இரண்டு மாதமாக அந்தப் பாதையை மூடி வைத்திருக்கிறார்கள். மாற்றுப்பாதையில் 2.5 கி.மீ. கூடுதல், அதுவும் பெரிய சாலையில் கொண்டுபோய் விடுகிறது. அங்கேயும் 200 மீட்டர் போல ஒரு பக்கம் தோண்டிப்போட்டு, தற்காலிக சிக்னல் வைத்து ஒரே வழியில் மாற்றி மாற்றி விடுகிறார்கள். நான் பச்சையில்தான் நுழைகிறேன், ஆனால் பாதி தூரத்தில் எதிரே வண்டிகள் வந்து ஹாரன் அடிக்கின்றன. போன வாரம் மழையில், பள்ளத்தின் மேல் போட்டிருந்த இரும்புத் தகட்டில் வழுக்கி விழுந்தேன். உள்ளங்கை சிராய்ப்பு, மணிக்கட்டில் வலி. அன்றிலிருந்து கியர் மாற்றும்போது சைக்கிளிலும் ஒரு சத்தம். "உனக்குக் கவனம் போதாது, கொஞ்ச நாள் சைக்கிளை நிறுத்து" என்கிறார் கணவர். "சைக்கிள் ஓட்டுபவர்கள் இறங்கித் தள்ளிச் செல்லவும்" என்ற பலகைக்கு உண்மையிலேயே இறங்க வேண்டுமா? ஒரு ஞாயிறு யாரும் இல்லையே என்று தடுப்பைத் தாண்டி மூடிய பாதையிலேயே போனேன். அது தப்பா? யாரிடம் என்ன சொன்னால் காரியம் நடக்கும்?
— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

சாலைவேலை நடக்கும் இடங்களில் போக்குவரத்தை எப்படித் திருப்புவது என்று வரைபடம் போடுவதுதான் இருபது வருடத்துக்கும் மேலாக என் பிழைப்பு. நீங்கள் குறிப்பிடும் மாதிரிப் பலகையை நானே என் வரைபடத்தில் போட்டிருக்கிறேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்த காலம் அது. சைக்கிளுக்கு என்ன வழி என்று மேலதிகாரி கேட்டபோது, "இறங்கித் தள்ளட்டும் சார்" என்று ஒரு மூலையில் சின்னதாக ஒரு கட்டம் வரைந்து கொடுத்தேன். கேள்வி அத்தோடு முடிந்துவிட்டது. ஆறு மாதம் கழித்து வேறொருவர் வரைந்த அதே மாதிரி இடத்தில் என் சைக்கிளோடு மாட்டிக்கொண்டபோதுதான் அந்தக் கட்டத்தின் அர்த்தம் விளங்கியது. ஆகவே குற்றவாளிக் கூண்டில் பாதிக் காலை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் சிக்னலை எடுத்துக்கொள்வோம். உங்கள் மேல் தவறில்லை என்பதற்கு அதில் கணக்கே இருக்கிறது.

ஒருவழியாக்கிய இடத்தின் இரு முனையிலும் விளக்கு வைக்கும்போது, ஒரு பக்கப் பச்சை அணைந்த பிறகு கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் சிவப்பாகவே இருக்கும்படி அமைப்பார்கள். கடைசியாக உள்ளே நுழைந்தவர் மறுமுனை போய்ச் சேர்வதற்கான அவகாசம் அது. எவ்வளவு நேரம் என்பது, யாரை மனதில் வைத்துக் கணக்குப் போட்டார்கள் என்பதைப் பொறுத்தது. கார் மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் போனால் விநாடிக்கு 10 மீட்டர். உங்கள் 200 மீட்டரை 20 விநாடியில் தாண்டிவிடும். நீங்கள் மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் மிதித்தால் 40 விநாடி. மகள் 12 கி.மீ. வேகத்தில் வந்தால் ஒரு முழு நிமிடம். காரை மட்டும் நினைத்து 20 விநாடி சிவப்பு வைத்திருந்தால், பச்சையின் கடைசி நொடியில் நுழைந்த நீங்கள் 100 மீட்டரில் இருக்கும்போது எதிர்ப்பக்கம் பச்சை விழுந்துவிடும். சரியாகப் பாதி தூரத்தில் வண்டிகள் வருகின்றன என்று நீங்கள் எழுதியிருந்ததைப் படித்ததுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஹாரன் அடித்தவருக்கும் பச்சைதான், உங்களுக்கும் பச்சைதான். இரண்டு பேரையும் மோதவிட்டது அந்த சிக்னலின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் யாரோ அமைத்துவிட்டுப் போன ஓர் எண்.

இதைச் சரிசெய்யப் பெரிய செலவெல்லாம் கிடையாது. அந்தப் பெட்டியைத் திறந்து நேரத்தைக் கூட்ட வேண்டும், அவ்வளவுதான். அதுவரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு: ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும் பச்சையில் நுழையாதீர்கள். அது இன்னும் எத்தனை விநாடி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. அடுத்த பச்சை வரும்வரை நின்று, அது விழுந்த கணத்தில் கிளம்புங்கள். முழுப் பச்சையும், அதற்குப் பிந்திய சிவப்பு அவகாசமும் சேர்ந்து உங்களுக்குக் கிடைக்கும். நிற்கும்போது ஓரத்தில் ஒதுங்காமல் கோட்டுக்குப் பின்னால் நடுவில் நில்லுங்கள். இந்தத் தற்காலிக விளக்குகள் பலவற்றின் தலையில், வரும் வண்டியைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன ரேடார் பொருத்தியிருப்பார்கள். நகர்ந்து வருவதைத்தான் அது பார்க்கும். ஓரமாக மெல்ல ஊர்ந்து வரும் தனி சைக்கிள் சில சமயம் அதன் கண்ணில் படாது. வேறு வண்டியே வராத விடியற்காலையில் பச்சை விழவே மாட்டேன் என்கிறதா? கொஞ்சம் பின்னால் போய், திரும்ப நேராக ஓட்டி வந்து பாருங்கள். பலமுறை இது எனக்குக் கைகொடுத்திருக்கிறது.

உள்ளே நுழைந்த பிறகு எந்த இடத்தில் ஓட்டுவது? நடுவில். தடுப்புக்கும் சாலை விளிம்புக்கும் இடையே 3.5 மீட்டர் விட்டிருக்கிறார்கள் என்று வையுங்கள். கண்ணாடிகளையும் சேர்த்தால் கார் சுமார் 2 மீட்டர். ஆட்டம் அசைவோடு சைக்கிளுக்கு 1 மீட்டர். மிச்சம் அரை மீட்டர். "தாண்டிவிடலாம் போலிருக்கே" என்று ஓட்டுநரை ஆசைகாட்டும் அகலம் இது, ஆனால் தாண்டக் கூடாத அகலம். நகருக்குள் சைக்கிளைத் தாண்டும்போது 1.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்கிறது ஜெர்மனி 2020இல் திருத்திய சாலைவிதி. சைக்கிளும் மற்ற வண்டிகளும் கலந்து போகும் சாலையில் 3.2 முதல் 3.9 மீட்டர் வரையிலான அகலமே கூடாது என்று பிரிட்டன் அரசின் சைக்கிள் கட்டமைப்பு வழிகாட்டி (எல்டிஎன் 1/20, அதுவும் 2020) சொல்கிறது. ஒன்று, தாண்டவே முடியாதபடி குறுக்க வேண்டும். இல்லை, தாராளமாகத் தாண்டும்படி அகலமாக்க வேண்டும். நடுவில் ஓட்டினால், அந்த 3.5 மீட்டரை நீங்களே தாண்ட முடியாத அகலமாக்கிவிடுகிறீர்கள். பின்னால் வருபவர் முணுமுணுப்பார். நாற்பது விநாடிதானே, முணுமுணுக்கட்டும்.

அடுத்தது இரும்புத் தகடு. உங்கள் கணவர் இந்தப் பத்தியை இரண்டு தடவை படித்தால் நல்லது.

சைக்கிள் டயர் சாலையைத் தொடும் இடம் ஒரு கட்டைவிரல் அளவுதான். அந்தக் கட்டைவிரல், மேலெல்லாம் தேய்ந்து வழவழப்பான, நனைந்த இரும்பின் மேல் இருக்கிறது. காருக்கு ஒரு சக்கரம் வழுக்கினால் மற்ற மூன்று தாங்கும். நான்குமே வழுக்கினாலும் கார் சாய்ந்து விழாது. சைக்கிள் நிமிர்ந்து நிற்பதே, நீங்கள் எந்தப் பக்கம் சாய்கிறீர்களோ அந்தப் பக்கம் முன்சக்கரம் நுணுக்கமாகத் திரும்பித் திரும்பிச் சமாளிப்பதால்தான். முன்சக்கரத்துக்குப் பிடிமானம் போன அந்த நொடியில் அந்தச் சமாளிப்பும் போய்விடுகிறது. அதற்குப் பிறகு உங்கள் கவனத்தால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை. தகட்டின் விளிம்பும் அப்படித்தான். குறுக்கே வந்தால் ஒரு குலுக்கு, தாண்டிவிடலாம். நீங்கள் போகும் திசையிலேயே நீளவாக்கில் ஒரு விளிம்பு ஓடினால், அது ஒரு சென்டிமீட்டரே இருந்தாலும் முன்சக்கரத்தைக் கவ்விக்கொண்டு திரும்பவிடாது. டிராம் தண்டவாளத்தில் சைக்கிள்காரர்கள் விழுவதும் இதே காரணத்தால்தான்.

முறையாகப் போட்ட தகடு எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன், பார்த்தால் அடையாளம் தெரியும். மேற்பரப்பில் சொரசொரப்பான பூச்சு இருக்கும், வெறும் பளபளா இரும்பாக இருக்காது. நான்கு பக்கமும் தார்க்கலவை கொட்டிச் சரிவாக்கியிருப்பார்கள். மிதித்தால் "டங்" என்று ஆடாது. முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகை இருக்கும். இவற்றில் எதுவும் இல்லாத தகட்டில் மழை நாளில் ஒருவர் விழுந்தால், அவருக்குக் கவனம் போதவில்லை என்று எந்தப் பொறியாளரும் எழுதிக் கையெழுத்துப் போட மாட்டார்.

சரி, தகட்டைத் தவிர்க்கவே முடியாத இடத்தில் என்ன செய்வது? வேகத்தைத் தகட்டுக்கு முன்னாலேயே குறைத்துவிடுங்கள். அதன் மேல் பிரேக் பிடிக்காதீர்கள், திருப்பாதீர்கள், அழுத்தி மிதிக்கவும் வேண்டாம். சைக்கிளை நிமிர்த்தி, நேராக, உருண்டு போகவிடுங்கள். நீளவாக்கு விளிம்பைத் தாண்டியாக வேண்டும் என்றால், பின்னால் பார்த்துவிட்டு, முடிந்த மட்டும் குறுக்குக் கோணத்தில் தாண்டுங்கள்; விளிம்பை உரசிக்கொண்டே மெல்ல ஏறிவிடலாம் என்று முயலக் கூடாது. புதிய தார் போடுவதற்காக மேல்பரப்பைச் சுரண்டிவிட்ட சாலைக்கும் இதே பாடம்தான். அங்கே வரிவரியாகப் பள்ளம் இருக்கும், சாக்கடை மூடிகள் சில சென்டிமீட்டர் உயரத்தில் தீவுபோல நிற்கும். இரவில், அதிலும் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தால், அந்த மூடிகள் கண்ணுக்குத் தெரியாது. சுரண்டிய சாலையில் இருட்டிய பிறகு நானே ஓட்டுவதில்லை. சுற்றிக்கொண்டு போய்விடுவேன்.

பலகைக்கு வருவோம். அந்தப் பலகைக்கு எவ்வளவு சட்ட பலம் என்பது நாட்டுக்கு நாடு வேறு. உங்கள் இடத்து விதியைப் பார்க்காமல் நான் தீர்ப்புச் சொல்வது சரியில்லை. நான் சொல்லக்கூடியது, அதை எதற்காக வைக்கிறார்கள் என்பது. பெரும்பாலும், யோசிக்க நேரமில்லை என்பதற்குத்தான். சற்றுமுன் சொன்ன பிரிட்டன் வழிகாட்டி இதில் ஒளிவுமறைவில்லாமல் பேசுகிறது: சைக்கிளை வண்டியாக நடத்து, பாதசாரியாக நடத்தாதே, இறங்கச் சொல்லும் பலகைகளைப் பயன்படுத்தாதே. அமெரிக்காவின் சாலைக் குறியீட்டுக் கையேட்டில் (2023 டிசம்பரில் வந்தது 11ஆம் பதிப்பு) ஆறாம் பாகம் முழுக்கத் தற்காலிகப் போக்குவரத்து ஏற்பாடு பற்றியது. சைக்கிளில் வருபவரும் பாதசாரியும் பாதுகாப்பாகக் கடக்க வழி செய்வது அங்கே திட்டத்திலேயே அடக்கம். ஆக, நீங்கள் கேட்பது சலுகை இல்லை. தொழில் தெரிந்தவர்கள் புத்தகத்திலேயே எழுதி வைத்திருப்பது.

ஆனால் ஒன்று: இறங்கித் தள்ளுவதில் மானக்கேடு எதுவும் இல்லை. மகள் கூட வரும் நாட்களில் அந்த 200 மீட்டரை நடைபாதையில் தள்ளிக்கொண்டே போய்விடுங்கள். ஒரு நிமிட அவகாசம் தேவைப்படும் குழந்தையை, 20 விநாடிக்கு அமைத்த சிக்னலுக்குள் அனுப்ப வேண்டாம். மாற்றுப்பாதையின் மற்ற இடங்களில் அவள் முன்னால், நீங்கள் பின்னால், அவளைவிடக் கொஞ்சம் சாலையின் உட்பக்கமாக. அவள் தடுமாறினால் உங்களுக்குத் தெரியும்; பின்னால் வரும் ஓட்டுநர் உங்களைச் சுற்றித்தான் தாண்ட வேண்டியிருக்கும். பள்ளி நாளில் புதிதாக ஒரு வழியைச் சோதிக்காதீர்கள். விடுமுறைக் காலையில் இருவருமாகப் போய்ப் பாருங்கள். அம்புக்குறி காட்டும் வழிதான் ஒரே வழி என்றும் நினைக்க வேண்டாம். பெரும்பாலும் அது லாரி திரும்புமா என்று பார்த்துப் போட்ட அம்பு. இரண்டு தெரு தள்ளி, கார் நுழையாத ஒரு சந்து உங்களுக்குப் பொருத்தமாக அமையலாம்.

தூரமும் இதே கதைதான். 2.5 கி.மீ. கூடுதல் என்பது மணிக்கு 50 கி.மீ. போகும் காருக்கு 3 நிமிடம். 15 கி.மீ. போகும் உங்களுக்கு 10 நிமிடம், போக வர 20 நிமிடம். வரைபடம் போடுபவர் காரில் போய் அளந்துவிட்டு "சின்னச் சுற்றுதான்" என்று எழுதுவார். நானும் எழுதியிருக்கிறேன். இந்த மாதிரி நாட்களில் சைக்கிளை ஓரங்கட்டியவர்களில் சிலர் பாதை திறந்த பிறகும் திரும்ப எடுப்பதில்லை. அப்புறம் யாராவது வந்து எண்ணிப் பார்த்து, "இந்தப் பாதையை அவ்வளவாக யாரும் பயன்படுத்துவதில்லையே" என்று அறிக்கை எழுதுவார்கள். உங்கள் கணவரின் ஆலோசனையில் எனக்குக் கசப்பது அதுதான். அவருடைய பயத்தில் அல்ல, அது நியாயமான பயம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விஷயம். தப்புதான், ஆனால் நீங்கள் நினைக்கும் காரணத்துக்காக இல்லை. குழாய்ப் பள்ளத்தின் ஓரம் மேலே முழுசாகத் தெரிந்தாலும், அடியில் மண் சரிந்து உள்ளே குடைந்திருக்கும். மழை பெய்த பிறகு கேட்கவே வேண்டாம். மேலே இருப்பது ஒரு தார் ஓடு மட்டும்தான். வேலை நடக்கும் நாளென்றால் பொக்லைன் ஓட்டுபவர் பின்னால் திரும்பிப் பார்க்க மாட்டார். மூடிய இடம், யாரும் வர மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் சுழற்றுவார். இனிமேல் போகாதீர்கள். அதே மூச்சில் இதையும் சொல்லிவிடுகிறேன்: தடுப்புவரை வந்த பிறகுதான் "மூடப்பட்டுள்ளது" என்று தெரிந்தால், நடுவில் வெளியேற ஒரு வழியும் இல்லையென்றால், தாண்டிப் போகத்தான் மனிதருக்குத் தோன்றும். அந்தப் பலகை நிற்க வேண்டிய இடம் தடுப்பு அல்ல, அதற்கு முன்னால் வேறு வழி பிரியும் கடைசிப் பிரிவு.

இனி, யாரிடம் சொல்வது. "சாலை மோசம், நடவடிக்கை எடுங்கள்" என்று எழுதினால் அது கோப்பில் தூங்கும். ஒரு மனிதர் ஒரு மதியத்தில் தன் கையால் செய்து முடிக்கக்கூடிய வேலையாகக் கேளுங்கள். உங்கள் விஷயத்தில் மூன்றுதான். சிக்னலில் இரு பக்கச் சிவப்பு நேரத்தை, 200 மீட்டரை சைக்கிள் கடக்கும் அளவுக்கு, குறைந்தது 40 விநாடியாக, கூட்டுங்கள். தகட்டுக்குச் சொரசொரப்புப் பூச்சும், விளிம்புக்குத் தார்ச்சரிவும் போடுங்கள். பாதை மூடிய அறிவிப்பைத் தடுப்பிலிருந்து எடுத்துக் கடைசிப் பிரிவில் வையுங்கள். நான்காவதாக எதையும் சேர்க்காதீர்கள். பட்டியல் நீண்டால், எளிதான ஒன்றை மட்டும் செய்துவிட்டு "ஆவன செய்யப்பட்டது" என்று மூடிவிடுவார்கள்.

முதலில் தளத்தில் இருக்கும் மேற்பார்வையாளரிடம் நேரில் சொல்லுங்கள். காலையில், ஆட்கள் வேலையில் இறங்குவதற்கு முன். வேலை நடுவே போனால் எரிச்சல்தான் மிஞ்சும். தகடும் பலகையும் அவர் மனம் வைத்தால் அன்றே நடக்கும். சிக்னல் நேரத்தை மாற்ற அவருக்கு அனுமதி இருக்காது. அதற்கு, சாலை யாருடையதோ அந்த நிர்வாகத்துக்கு எழுத வேண்டும். தளத்தில் நிற்கும் தகவல் பலகையில் யாருக்காக, யார், எந்தத் தேதிவரை செய்கிறார்கள் என்று இருந்தால் அதைப் படம் எடுத்துச் சேருங்கள். சிக்னலுக்குப் புகைப்படம் உதவாது, வீடியோதான் வேண்டும். பாதுகாப்பாக ஓரத்தில் நின்றுகொண்டு, இந்த முனையில் பச்சை அணைவதிலிருந்து அடுத்த பக்க வண்டிகள் கிளம்பி வருவதுவரை ஒரே தொடராக எடுங்கள். எத்தனை விநாடி என்று அதிலேயே தெரியும், வாதம் செய்ய இடமிருக்காது. தகட்டைப் படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு செங்கல்லோ தண்ணீர் பாட்டிலோ வைத்து எடுங்கள், விளிம்பின் உயரம் தெரியட்டும். நீங்கள் விழுந்த நாள், நேரம், மழை பெய்ததா என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். இழப்பீடு கேட்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஒருவர் ஏற்கெனவே விழுந்துவிட்டார் என்று எழுத்தில் வந்துவிட்டால், அடுத்தவர் விழும்போது "எங்களுக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது.

பாதை திறந்த பிறகும் ஒரு மாதம் அதை நம்பாதீர்கள். குழாய்ப் பள்ளத்தை 15–20 செ.மீ. அடுக்கடுக்காக நிரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் இடித்து இறுக்க வேண்டும். அவசரத்தில் மொத்தமாகத் தள்ளி மேலே மட்டும் உருட்டிவிட்டால், முதல் பெருமழையில் அது அமுங்கி, பாதை நெடுக ஒரு வாய்க்கால் விழும். மறுபடியும் அதே நீளவாக்கு விளிம்பு! ஒப்பந்தங்களில் வேலை முடிந்த பிறகும் குறைகளைச் சரிசெய்து தரும் பொறுப்புக் காலம் என்று ஒன்று பொதுவாக இருக்கும். மழைக்குப் பிறகு ஒரு படம் எடுத்து அந்தக் காலத்துக்குள் அனுப்பிவிடுங்கள்.

கடைசியாக மணிக்கட்டும் சைக்கிளும். நான் டாக்டர் இல்லை. ஆனால் உள்ளங்கையை ஊன்றி விழுந்து, ஒரு வாரமாகியும் கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டில் அழுத்தினால் வலிக்கிறது என்றால், காட்டிவிடுங்கள். அங்கே ஒரு சின்ன எலும்பு முறிந்தால் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். கியர் சத்தத்துக்குக் காரணம், பின்சக்கரத்தருகே கியர் தொங்கும் கொக்கி விழுந்த வேகத்தில் உள்பக்கம் வளைந்திருப்பதாக இருக்கலாம். பின்னாலிருந்து குனிந்து பாருங்கள்: சங்கிலி ஓடும் இரண்டு குட்டிச் சக்கரங்களும் நேர் கீழே தொங்காமல் கம்பிகளின் பக்கம் சாய்ந்திருந்தால் அதுதான். மெக்கானிக்கிடம் காட்டி நிமிர்த்தும்வரை, பின்பக்கத்தில் ஆகப் பெரிய பல்சக்கரம் வேண்டாம். ஏற்றத்தில் அந்தக் கியரைப் போட்டால், வளைந்த கொக்கியில் தொங்கும் கியர் கம்பிகளுக்குள் மாட்டிப் பின்சக்கரம் அப்படியே நின்றுவிடலாம்.